இணையத்தில் பொதுவுக்கு எழுதக் கற்பித்தல்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே, வன்னியின் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் பல்கலைக்கழக மாணவர்களுக்கோ கல்வியியற் கல்லூரியின் ஆசிரிய மாணவர்களுக்கோ எழுத்துப் பாடம் எடுப்பவர்கள் என்றாவது ஒருநாள் “இணையத்தில் வெளியிடத்தக்க கட்டுரை ஒன்று எழுதுக” என்று ஒப்படை கொடுத்தே விடுகிறார்கள். கொடுத்த பிறகுதான் சந்தேகங்கள் கிளம்புகின்றன. சக ஆசிரியர்களும் மாணவர்களும் சில பெற்றோரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லோரும் உடன்பட மாட்டார்கள், முக்கியமாக மாணவருக்குப் புள்ளி கொடுப்பது பற்றி.

நாள் முழுவதும் முகநூலில் எழுதுகிறவர்களுக்கு இதில் கற்பிக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. முகநூலிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் அவர்கள் எழுதுவது தம்மை அறிந்தவர்களுக்கு. “இன்றைக்கும் அதே பஸ் கதைதான்” என்று ஒரு வரி போட்டால் ஊர் நண்பர்களுக்கு முழுவதும் விளங்கிவிடும். கனடாவிலோ மலையகத்திலோ இருந்து வாசிப்பவருக்கு அது ஒன்றும் சொல்லாது.

இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் பதின்மூன்று ஆண்டுகள் பரீட்சைக்காகவே எழுதிப் பழகிய கை அவர்களுடையது. விடைத்தாளைத் திருத்துபவருக்கு விடயம் முன்பே தெரியும். பிடிக்காவிட்டாலும் கடைசி வரிவரை வாசித்தே ஆக வேண்டும். பொதுவெளி வாசகருக்கு அப்படி எந்தக் கடமையும் கிடையாது. இரண்டாம் வரியிலேயே எழுந்து போய்விடுவார். “இன்றைய நவீன உலகிலே” என்று தொடங்கும் கட்டுரைகள் எல்லாம் திருத்துபவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இந்தப் பாடத்தில் நாம் செய்வதெல்லாம் அவரை எழுப்பிவிட்டு, அந்த நாற்காலியில் முன்பின் தெரியாத ஒருவரை உட்கார வைப்பதுதான். மற்ற எல்லாம் அதிலிருந்து வருகிறது.

முதல் ஒப்படையாக எதைக் கொடுக்கலாம்?

நடந்துபோய்ப் பார்த்துவரக்கூடிய ஒன்றை. காலநிலை மாற்றம், இளைஞரும் போதைப்பொருளும் என்று தலைப்புக் கொடுத்தால் இணையத்தில் ஏற்கனவே கிடப்பதைத்தான் திரும்ப எழுதுவார்கள். வன்னியில் இருந்துகொண்டு குளத்தைப் பற்றி எழுதச் சொல்லாமல் விடுவது வீண் என்றே எனக்குப் படுகிறது. ஊருக்கு ஒரு குளம் இருக்கிறது. குளம் உள்ள ஊரில் தண்ணீர் பற்றிய பிணக்கும் இருக்கிறது.

வழக்கமாக வரும் முதல் வரைவு இப்படி இருக்கும்: “எமது கிராமத்தின் குளமானது நீண்டகாலமாகப் புனரமைக்கப்படாது காணப்படுகின்றமை விவசாயிகளைப் பெரும் துயரில் ஆழ்த்தியுள்ளது. உரிய அதிகாரிகள் கவனம் செலுத்துவார்களா?” இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் எந்த ஊர்க் குளத்துக்கும் இதை அப்படியே ஒட்டிவிடலாம். எந்தக் குளம்? எத்தனை ஏக்கருக்குப் பாய்கிறது? உடைந்திருப்பது எது? யார் விதைக்கவில்லை? இந்தக் கேள்விகளோடு மாணவரைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

‘உரிய அதிகாரி’ என்ற இடத்தில்தான் பாடம் சூடுபிடிக்கும். சுமார் 200 ஏக்கர் வரை பாசனப் பரப்புள்ள சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பக்கம் போய்விடும். இது தெரியாமல் எழுதினால் குற்றச்சாட்டு தவறான வாசலில் போய் நிற்கும். “இது எங்களுடையது அல்ல” என்ற ஒரே வரியில் அந்த அலுவலகம் கட்டுரை முழுவதையும் தள்ளிவிடும். கமக்கார அமைப்பின் செயலாளரைப் பார்த்து, பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் என்ன தீர்மானித்தார்கள் என்று கேட்டு, அணைக்கட்டில் ஏறி நடந்துவிட்டு வந்த மாணவரின் இரண்டாம் வரைவு வேறாக இருக்கும்: “துருசுக் கதவு முழுதாக மூடுவதில்லை. சிறுபோகத்துக்கென்று மறித்த தண்ணீர் இரவிலும் கசிகிறது. வாய்க்காலின் கடைசியில் இருக்கும் வயல்களில் இம்முறை விதைப்பு இல்லை.” இதில் யாரையும் திட்டவில்லை. ஆனாலும் பொறுப்பானவர் பதில் சொல்லாமல் தப்ப முடியாது.

துருசு, வான், காலபோகம் எல்லாம் வெளியூர் வாசகருக்கு விளங்குமா?

விளங்கும்படி எழுதலாம், சொல்லை மாற்ற வேண்டாம். “மார்கழி மழையில் குளம் நிரம்பி, மேலதிக நீர் வானால் பாய்ந்தது” என்று எழுதினால் வான் என்ன என்பதை வாசகர் பிடித்துக்கொள்வார். “துருசைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விட்டார்கள்”, “மாரி மழையை நம்பி விதைத்த காலபோகம்” என்றால் மற்ற இரண்டும் அப்படியே. அகராதி போடத் தேவையில்லை.

வன்னியைப் பற்றி இணையத்தில் ஆதாரமே கிடைப்பதில்லையே?

தேடுபொறியின் முதல் பக்கத்தோடு நின்றுவிடுகிறவர்களின் குறை இது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தில் பழைய பத்திரிகைகள், பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள், பிரதேச வெளியீடுகள் என்று ஏராளமாக மின்வருடி வைத்திருக்கிறார்கள். ஒரு கும்பாபிஷேக மலரில் ஊரின் குடியேற்ற வரலாறு நான்கு பக்கத்தில் இருக்கும். அதை வேறெங்கும் காண முடியாது. மாவட்டச் செயலகங்கள் வெளியிடும் புள்ளிவிபரக் கையேடுகளில் குளம், பாடசாலை, வீதி எல்லாவற்றுக்கும் எண்கள் உண்டு. பழங்காலத்துக்குப் போவதானால் ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேடு இருக்கிறது. குடியேற்ற நிர்வாகியின் கண்ணால் எழுதப்பட்டது என்பதை மாணவருக்குச் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும்.

எழுத்தில் இல்லாததைக் கேட்டு வாங்கவும் வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நாட்டின் பிரஜை எவரும், ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்லாமலே, பிரதேச சபையிடமோ திணைக்களத்திடமோ தமிழில் விண்ணப்பிக்கலாம். கொடுப்பதா மறுப்பதா என்ற தீர்மானத்தைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகும் இழுபடக்கூடும் என்பதால் விண்ணப்பம் தவணையின் முதல் வாரத்திலேயே போக வேண்டும். “கடந்த மூன்று ஆண்டுகளில் இந்த வீதிக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு” என்று அளந்து கேட்கத் தெரிந்த மாணவருக்கு எழுத்துப் பாடத்தின் பாதி வந்துவிட்டது என்பேன்.

விக்கிப்பீடியாவில் எழுத வைக்கலாமா?

வைக்கலாம். தமிழ் விக்கிப்பீடியா 2003இலிருந்து இயங்குகிறது, வன்னி ஊர்களைப் பற்றிய பக்கங்கள் பல இரண்டு வரியோடு நிற்கின்றன. ஆனால் அங்கே சொந்த ஆய்வுக்கு இடம் இல்லை. அம்மம்மா சொன்ன கதை எவ்வளவு உண்மையாக இருந்தாலும் வெளியான ஆதாரம் இல்லாமல் நிற்காது. மாணவருக்கு இது முதலில் கோபத்தை ஊட்டும், பிறகு நல்ல பயிற்சியாக மாறும்.

பண்டாரவன்னியன் என்ற வன்னிச் சிற்றரசனை எடுத்துக்கொள்ளுங்கள். 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிரித்தானியரிடமிருந்து கைப்பற்றியவர். ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நாட்டிய கல், கப்டன் வொன் டிறிபேர்க் அவரை அவ்விடத்தில் தோற்கடித்தது 1803 ஒக்டோபர் 31 என்கிறது. அவர் அன்று இறந்தார் என்று அந்தக் கல் சொல்லவில்லை. இணையத்திலோ அதே நாளை அவர் வீழ்ந்து மடிந்த நாளாக எழுதியவர்கள் உண்டு. அதன் பிறகும் பல ஆண்டுகள் உயிரோடிருந்து போரிட்டார் என்று எழுதியவர்களும் உண்டு. மாணவர் இதில் எது சரி என்று தீர்ப்பு வழங்கத் தேவையில்லை. “கல் இதைச் சொல்கிறது, இன்னார் இதைச் சொல்கிறார்” என்று ஒரு பத்தியில் பிரித்து எழுதினால் போதும். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் பண்டாரவன்னியனை முழங்கி வந்தவர்களுக்கு அந்த ஒரு பத்தி படாத பாடாகிவிடும்.

முகநூலில் போட்டால் போதாதா? வேறு இடம் எதற்கு?

அறிவிப்புக்கு முகநூல் போதும். கட்டுரைக்குப் போதாது. கணக்கு இல்லாதவர் முழுதாகப் பார்ப்பது கடினம், ஆறு மாதத்துக்குப் பிறகு எழுதியவராலேயே தேடிப் பிடிக்க முடியாது. 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் என்று பல தடவை இந்நாட்டில் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியிருக்கிறது. எங்கே வெளியிட்டாலும் மூலப் பிரதி மாணவரின் கையில் இருக்க வேண்டும்.

மாணவர் சொந்தப் பெயரில்தான் எழுத வேண்டுமா?

கட்டாயப்படுத்தக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. சொந்தப் பெயர் பொறுப்பைக் கற்பிக்கும் என்று கொழும்பில் நடக்கும் பயிலரங்குகளில் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. காணிப் பிரச்சினை பற்றி எழுதும் பெண் மாலையில் அதே வீதியால் சைக்கிளில் வீடு திரும்ப வேண்டும்; அவருடைய தகப்பனின் பெயரைக் கேட்டாலே ஊர் சொல்லும். வன்னியில் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்களை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். அந்தக் குடும்பங்களின் தாய்மார் படும் பயத்தை அறியாமை என்று ஒதுக்குவதற்கு ஆசிரியருக்கு உரிமை கிடையாது.

மாணவருக்கு மூன்று வழிகளைத் திறந்து வைக்கிறேன்: சொந்தப் பெயர், புனைபெயர், வகுப்புக்குள் மட்டும் சுற்றும் பிரதி. எதைத் தெரிவுசெய்தாலும் புள்ளி ஒன்றுதான். பொதுவுக்கு எழுதுவதன் கடினமான வேலை எல்லாம் வெளியிடும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அழுத்தாதவர் எதையும் இழப்பதில்லை. புனைபெயரைத் தெரிவுசெய்பவருக்கு ஒரு எச்சரிக்கை மட்டும்: பெயரை மாற்றிவிட்டு, வழக்கமான கைத்தொலைபேசி இலக்கத்தில் கணக்குத் திறந்து, சுயவிபரப் படத்தையும் அப்படியே விட்டால் அது புனைபெயர் ஆகாது.

சட்டச் சிக்கல் வருமா?

எதைப் பற்றி, எப்படி எழுதுகிறார் என்பதைப் பொறுத்தது. மாணவர் பெயரளவிலாவது அறிந்திருக்க வேண்டிய சட்டங்கள் இரண்டு. ஒன்று 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க, குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் தொடர்பான சர்வதேச சமவாயச் சட்டம். அதன் 3ஆம் பிரிவு இன, மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடைசெய்ய வந்தது. அதே பிரிவைக் கொண்டு, முகநூலில் வெளியிட்ட சிறுகதைக்காகச் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார 2019 ஏப்ரலில் கைதாகி, நான்கு மாதங்கள் விளக்கமறியலில் இருந்தார். மற்றது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம். ‘பொய்யான கூற்று’ எது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஆணைக்குழு ஒன்றுக்குக் கொடுக்கிறது. இந்தக் காரணத்துக்காகவே பலர் அதை எதிர்த்தார்கள். குற்றவியல் அவதூறு 2002இலேயே நீக்கப்பட்டுவிட்டது. நட்டஈடு கேட்டுக் குடியியல் வழக்குப் போடும் வழி இன்னும் திறந்தே இருக்கிறது.

நடைமுறையில் மாணவர் செய்யக்கூடியது இதுதான்: கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் எழுதுவது, ஊகத்தை வெட்டிவிடுவது. “தலைவர் பணத்தைச் சுருட்டிவிட்டார்” என்பதற்குப் பதிலாக “2023 கணக்கறிக்கை உறுப்பினர்களுக்குக் காட்டப்படவில்லை என்று இரு உறுப்பினர்கள் சொன்னார்கள், தலைவரைக் கேட்டபோது பதில் தரவில்லை” என்று எழுதலாம். குற்றம் சாட்டப்படுபவரைக் கேட்காமல் எழுதிய எதையும் நான் வெளியிட விடுவதில்லை.

போர்க்கால அனுபவங்களை எழுத வைக்கலாமா?

மாணவர் தாமாகத் தெரிவுசெய்தால் எழுதலாம். ஒப்படையாகக் கொடுக்கக் கூடாது. இன்று வகுப்பில் இருப்பவர்களில் பலர் 2009இல் சின்னஞ்சிறு பிள்ளைகள். அவர்கள் எழுதப்போவது பெரும்பாலும் பெற்றோரின் கதையை. அது பெற்றோருக்குச் சொந்தமான கதை.

கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20இல் தொடர் போராட்டத்தைத் தொடங்கியதிலிருந்து அந்தத் தாய்மார் எத்தனையோ பேருக்குப் பேட்டி கொடுத்திருக்கிறார்கள். திரும்ப வந்து “அம்மா, நீங்கள் சொன்னதை இப்படி எழுதியிருக்கிறேன்” என்று வாசித்துக் காட்டியவர்கள் மிகக் குறைவு. நம் மாணவர் அதைச் செய்ய வேண்டும். எழுதிய பத்தியைக் கைத்தொலைபேசியில் காட்டிவிட்டு வருவது கணக்கில் சேராது. உட்கார்ந்து, உரத்து வாசிக்க வேண்டும். எந்த இடத்தில் முகம் மாறுகிறது என்று பார்க்க வேண்டும். “அந்த வரி வேண்டாம் பிள்ளை” என்றால், கட்டுரையின் மிகச் சிறந்த வரியாக இருந்தாலும் எடுத்துவிட வேண்டும். பத்திரிகையில் வருவதற்குச் சம்மதித்தவர் இணையத்துக்கும் சம்மதித்தார் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. பத்திரிகை மறுநாள் கடையில் பொட்டலம் மடிக்கப் போய்விடும். இணையத்தில் இருப்பதை அவருடைய பேரன் பத்து வருடத்துக்குப் பிறகும் வாசிப்பான்.

பெயரை மாற்றினால் போதும் என்ற நம்பிக்கை இங்கே செல்லுபடியாகாது. அறுபது குடும்பங்கள் இருக்கும் மீள்குடியேற்றக் கிராமத்தின் பெயரைப் போட்டு, “கணவரை இழந்து, தையல் இயந்திரத்தோடு மூன்று பிள்ளைகளை வளர்க்கும் பெண்” என்று எழுதினால் அவர் யார் என்று பக்கத்து ஊருக்கும் தெரியும். ஊரை விட்டுவிட்டு மாவட்டத்தோடு நிறுத்துவது, தொழிலைப் பொதுவாகச் சொல்வது, பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சொல்லாமல் விடுவது எல்லாம் தேவைப்படும். புகைப்படத்தில் பிள்ளையின் பாடசாலைக் கழுத்துப்பட்டி, சுவரில் தொங்கும் குடும்பப் படம், வாசலில் எழுதிய வீட்டுத்திட்ட இலக்கம் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

மழைக்காலத்தில் மாணவர்கள் பகிரும் செய்திகளை என்ன செய்வது?

நேரம் போடச் சொல்லுங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதை இவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். “வான்கதவு திறக்கப்போகிறார்கள், தாழ்நிலத்தில் இருப்பவர்கள் உடனே வெளியேறவும்” என்ற திகதி இல்லாத செய்தி அடுத்த மாரியிலும் அப்படியே சுற்றத் தொடங்கும். யார் சொன்னது, எந்த நாள், எத்தனை மணிக்கு என்ற மூன்றும் இல்லாமல் எதையும் எழுதவோ அனுப்பவோ கூடாது என்று வகுப்பில் விதியே வைக்கலாம். எழுதியது பிழை என்று தெரிந்தால் சத்தமில்லாமல் அழிக்காமல், பிழையையும் திருத்திய நேரத்தையும் மேலே போட வேண்டும். அழித்த செய்தியின் திரைப்பிரதி எப்படியும் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும்.

பாமினியில் தட்டச்சு செய்து தரும் மாணவரை என்ன செய்வது?

யுனிகோடுக்கு மாற்றுங்கள், அன்றைக்கே. கச்சேரியிலும் (மாவட்டச் செயலகத்திலும்) அச்சகத்திலும் பாமினி என்ற பழைய எழுத்துரு இன்னும் கோலோச்சுகிறது என்பதால் தட்டச்சு வகுப்புகளும் அதையே பழக்குகின்றன. பாமினியில் அடித்த கட்டுரை, அந்த எழுத்துரு இல்லாத கருவியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். தேடுபொறிக்கு அது தமிழே இல்லை. விசைப்பலகைப் பழக்கத்தை மாற்றத் தேவையில்லை. பாமினி விசை அமைப்பிலேயே யுனிகோடு தரும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மடிக்கணினி இல்லாதவர் கைத்தொலைபேசியில் எழுதட்டும், கொப்பியில் எழுதிவிட்டுப் பிறகு அடிக்கட்டும். நல்ல கட்டுரைகள் பல கொப்பியிலிருந்துதான் வருகின்றன.

சட்ஜிபிடியில் எழுதிக்கொண்டு வருகிறார்களே?

வருவார்கள். 2022 நவம்பர் இறுதியில் அது வெளியானதிலிருந்து ஒப்படைகளின் எழுத்துப்பிழை குறைந்திருக்கிறது, “வன்னிப் பெருநிலப்பரப்பின் பசுமை எழில்” கூடியிருக்கிறது. கண்டுபிடிக்கும் மென்பொருள்களை நான் நம்புவதில்லை. தமிழில் அவற்றின் தீர்ப்பை வைத்து ஒரு பிள்ளையைக் குற்றவாளியாக்குவது அநியாயம். ஐந்து நிமிடம் பேசினால் போதும். செயலாளர் வீட்டில் இருந்தாரா, வயலில் இருந்தாரா? துருசைத் தொட்டுப் பார்த்தாயா? போனவர் உடனே சொல்வார். போகாதவர் பசுமை எழிலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எழுத்துப்பிழை திருத்தவோ ஆங்கில ஆவணத்தின் சாரத்தை அறியவோ அதைப் பயன்படுத்தினால் எனக்கு மறுப்பில்லை. பயன்படுத்தியதைக் கட்டுரையின் அடியில் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

புள்ளி எப்படிப் போடுவது?

எத்தனை பேர் பார்த்தார்கள், பகிர்ந்தார்கள் என்பதற்கு ஒரு புள்ளியும் போடக் கூடாது. அதைச் செய்யத் தொடங்கினால் அடுத்த தவணையில் வகுப்பே யூடியூப் தலைப்புகளை எழுதும். முதல் வரைவுக்கும் கடைசி வரைவுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதற்குத்தான் நான் பாதிக்கு மேல் கொடுக்கிறேன். யாரைச் சந்தித்தார், எதைக் கைவிட்டார், எந்த எண்ணைச் சரிபார்த்தார் என்ற குறிப்புக் கொப்பி அதற்குச் சான்று. மொழிநடைக்குக் குறைவாகவே கொடுக்கிறேன். பரீட்சைக் குழுக்கள் இதை விரும்புவதில்லை. குறிப்புக் கொப்பியைக் கோப்பில் இணைத்துக் கொடுத்தால் பெரும்பாலும் வாதம் அடங்கிவிடும்.

பாடநெறி முடிந்த பிறகு அந்த எழுத்துகள் யாருக்குச் சொந்தம்?

எழுதிய மாணவருக்கு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமை எழுதியவரின் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. ஒப்படையாக எழுதியதால் அது நிறுவனத்தின் சொத்தாகிவிடாது. கூகுளில் கிடைத்த படத்தை எடுத்து ஒட்டும்போது இன்னொருவருடைய அதே உரிமையைத்தான் மீறுகிறார்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். அடுத்த ஆண்டு வகுப்புக்கு முன்மாதிரியாகக் காட்ட வேண்டுமானால் எழுத்தில் அனுமதி கேளுங்கள். பட்டம் பெற்று, வேலைக்கு விண்ணப்பிக்கும் காலத்தில் “சேர், அந்தக் கட்டுரையை எடுத்துவிட முடியுமா?” என்று செய்தி அனுப்பினால், ஏன் என்று கேட்காமல் எடுத்துவிடுங்கள்.